கடலோரத்துல மாடல் ரயில்: என்ன கோளாறு, எங்கிட்டு தேடணும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டின்னு கடலை ஒட்டி வீடு இருக்கறவங்க மாடல் ரயில் ஓட்டுனா வர்ற கோளாறு பெரும்பாலும் எஞ்சினுக்குள்ள இருக்காது, வெளியதான் இருக்கும். வெளிநாட்டு வீடியோவுல பூராம் எஞ்சினைத் தலைகீழாப் போட்டு பிரிச்சு மேயுறதைத்தான் காட்டுவாக, அதைப் பாத்துட்டு நம்மாளுக நின்னுபோன எஞ்சினை உடனே கழட்டி, கடுகு சைஸ் ஸ்பிரிங்கு ஒண்ணைத் தரையில தொலைச்சு, ரெண்டு நாள் மெனக்கெட்டு, கடைசில பாத்தா தண்டவாளத்துல உப்பு படிஞ்சிருக்கும். அதனால ஸ்க்ரூ டிரைவரை உள்ள வெச்சுட்டு, உங்க வண்டி என்ன பண்ணுதுன்னு பாத்து கீழ அந்தந்த தலைப்புக்குப் போங்க.

இங்க எல்லாமே ஹெச்ஓ கணக்கு, அதாவது 1:87 ஸ்கேல், 16.5 மி.மீ. கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கற அகலம்), 12 வோல்ட் டிசி. பிரிட்டிஷ் ஓஓ வெச்சிருக்கறவங்களுக்கு ஸ்கேல் 1:76, தண்டவாளம் இதேதான், அதனால எல்லாம் பொருந்தும். நம்ம பிராட்கேஜ் 1676 மி.மீ., அதை 87ஆல வகுத்தா 19.3 கிட்ட வரும், அதனால 16.5 தண்டவாளத்துல நம்ம டபிள்யூடிபி-4 டீசல் எஞ்சின் ஒல்லிக்கால்ல நிக்கற மாதிரி தெரியும், அது கோளாறு இல்ல, கண்ணு பழகிரும். 2007க்கு முந்தின மீட்டர்கேஜ் பாம்பனை ஒய்டிஎம்-4 எஞ்சினோட செய்யறவங்க 12 மி.மீ. தண்டவாளம் போடுவாங்க, அவங்களுக்கு கரன்ட் சமாச்சாரம் அம்புட்டும் சேரும், மி.மீ. அளவு மட்டும் மாறும்.

கையில இருக்க வேண்டியது: சாதா மல்டிமீட்டர், 9 வோல்ட் சதுர பேட்டரி, பைக் பார்க்கிங் லைட் பல்பு 12 வோல்ட் 5 வாட் ஒண்ணு ரெண்டு வயர் பத்தவெச்சு, சின்ன காந்தம், மி.மீ. துல்லியமா அளக்கற வெர்னியர், பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர், செல்போன் ரிப்பேர் கடையில வெச்சிருப்பாங்களே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், அது ஒரு பாட்டில்.

எந்தக் கோளாறா இருந்தாலும் முதல் வேலை ஒண்ணுதான். எஞ்சினைத் தண்டவாளத்துல இருந்து தூக்கி, 9 வோல்ட் பேட்டரியோட ஒரு முனையை இடப்பக்க சக்கரத்துலயும் இன்னொண்ணை வலப்பக்க சக்கரத்துலயும் வயர் வழியா தொடுங்க. ஓடுனா எஞ்சின் நல்லாருக்கு, கோளாறு தண்டவாளத்துலயோ, வேகத்தைக் கூட்டிக் குறைக்கற கன்ட்ரோலர்லயோ. ஓடலைன்னா வேற சக்கரத்துல தொட்டுப் பாருங்க, ஏன்னா சில பழைய மாடல்ல முன் போகி (சக்கரங்க மாட்டியிருக்கற சட்டம்) ஒரு பக்கத்துக்கு மட்டும் கரன்ட் எடுக்கும், பின் போகி அடுத்த பக்கத்துக்கு எடுக்கும். எல்லா சக்கரத்துலயும் தொட்டும் அசையலைன்னாதான் எஞ்சினைச் சந்தேகப்படணும். டிசிசி, அதாவது தண்டவாளம் வழியா டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டற முறை, அதுக்கான டிகோடர் போட்ட எஞ்சினுக்கு இந்த சோதனையை நம்பாதீங்க, டிகோடர்ல டிசி ஓட்டத்தை அணைச்சு வெச்சிருந்தா நல்ல எஞ்சினும் கல்லு மாதிரி கெடக்கும்.

ஒண்ணுமே அசையல

கன்ட்ரோலர்ல இருந்து தண்டவாளத்துக்குப் போற ரெண்டு வயரையும் கழட்டிட்டு, கன்ட்ரோலர் முனையில வோல்ட் பாருங்க. அங்க வோல்ட் நல்லா வந்து, வயரைத் திரும்ப மாட்டுன உடனே விழுந்துட்டா தண்டவாளத்துல எங்கயோ ஷார்ட். முதல்ல கண்ணால தேடுங்க: மறந்து வெச்ச இரும்பு ஸ்கேல், ஸ்க்ரூ, பாயின்ட்ல (வண்டி தடம் மாறற இடம்) குறுக்க விழுந்து கெடக்கற வேகன், வெட்டிப் போட்ட வயர் துணுக்கு. கண்ணுக்குப் படலைன்னா லேஅவுட்டை, அதான் தண்டவாளம் போட்ட மொத்த அமைப்பை, பாதியாப் பிரிங்க, ஒரு பாதிக்குப் போற வயரை எடுத்துவிட்டா ஷார்ட் போகுதா இல்லையான்னு பாத்து, இருக்கற பாதியைத் திரும்பப் பாதியாக்குங்க, கொஞ்ச நேரத்துல ஒரு துண்டுக்கு வந்து நிக்கும்.

வயரைக் கழட்டியும் கன்ட்ரோலர் முனையில வோல்ட்டே இல்லைன்னா அதோட அடியில ஒட்டியிருக்கற லேபிளைப் படிங்க. அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டாந்து குடுத்த செட்டுல 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கும், அதை நம்ம 230ல சொருகுனா கொஞ்ச நேரம் உறுமிட்டு புகை விட்டு செத்துரும். சவுதியில இருந்து வந்த பழைய சாமான்லயும் 127 வோல்ட் பாத்திருக்கலாம். 100-240னு போட்டிருந்தா பயமில்ல. 120 மட்டும்னா ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேணும், இல்ல அந்த டப்பாவை விட்டுட்டு லோக்கல்ல 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வாங்கி ஒரு வேகக் கன்ட்ரோலர் மாட்டிக்கிறது நல்லது. கரன்ட் போயி இன்வர்ட்டர்ல ஓடும்போது மட்டும் பழைய டிரான்ஸ்பார்மர் வகை கன்ட்ரோலர் உறுமுதுன்னா அது ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரோட குணம், அந்த நேரத்துல ஓட்டாதீங்க, சூடாகும்.

விட்டு விட்டு ஓடுது, ஹெட்லைட் சிமிட்டுது, விரலால தள்ளுனா கொஞ்ச தூரம் போகுது

நம்ம பக்கத்துல பத்து பேர் கேட்டா ஒன்பது பேர் கேக்கறது இதுதான். தண்டவாளமும் சக்கரமும் அழுக்கு. எல்லா நாட்டுக்காரனுக்கும் இது உண்டு, ஆனா அவங்க சொல்ற வைத்தியம் நமக்கு அரைகுறையாத்தான் பலிக்கும், காரணம் உப்பு. அவங்க தண்டவாளத்துல படியறது எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல பொறி பறக்கறதால வர்ற கறுப்பும், அதுக்கு ஆல்கஹால் போதும். நம்மகிட்ட அதோட உப்பும் சேந்து படியுது, கச்சான் காத்து அடிக்கற மாசத்துல ஜன்னலைத் திறந்து வெச்சா மேசையை விரலால தடவி நாக்குல வெச்சாலே கரிக்கும், அந்த உப்பு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல கரையாது. சும்மா அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்து விட்டுட்டு பளபளன்னு ஆயிருச்சுன்னு நெனச்சுக்குவோம், ராத்திரி ஈரக்காத்துக்கு அந்த உப்பு தண்ணியை இழுத்து மறுபடி படலம் போட்டுரும்.

அதனால நம்ம ஊர் வரிசை இது: முதல்ல பஞ்சில்லாத துணியில டிஸ்டில்ட் வாட்டர் லேசா நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, தண்டவாளத்தோட மேல்முகத்தையும் உள்பக்க ஓரத்தையும் துடைங்க. துணியை மாத்தி மாத்தித் துடைக்கணும், அதே துணியையே இழுத்தா உப்பை ஊர்வலம் கூட்டிட்டுப் போறதுதான் மிச்சம். உடனே காஞ்ச துணி. அப்புறம் ஆல்கஹால். அதுக்கப்புறம் வேணும்னா கடைசியா பெயின்ட் கடை மினரல் டர்பன்டைன் ஒரு துளி துணியில எடுத்து ஒரு இழுப்பு இழுத்து காஞ்ச துணியால எடுத்துருங்க. ஆல்கஹாலோட நிறுத்துனா கறுப்பு சீக்கிரம் திரும்ப வருது, எண்ணெய் வகைக் கரைப்பான்ல முடிச்சா தாமதமா வருதுன்னு ரொம்ப பேரு சொல்லுவாங்க, எனக்கும் அப்படித்தான் படுது. டர்பன்டைன் தீப்பிடிக்கும், கரன்ட்டை அணைச்சுட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சு செய்யுங்க, எஞ்சின் சக்கரத்துல ரப்பர் டயர் இருந்தா அது மேல படவிடாதீங்க, ரப்பர் ஊதிப்போயிரும். கொரோனாவுக்கு வாங்கி மிச்சமிருக்கற ஹேண்ட் சானிடைசர் வேண்டாம், அதுல இருக்கற கிளிசரின் தண்டவாளத்துலயே தங்கிரும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறதும் வேண்டாம். அப்போதைக்கு அருமையா ஓடும், ஆனா அந்தக் கீறல் பூராம் அழுக்கு போயி உக்காந்துக்கும். தண்டவாளமே துருப்பிடிச்சு செம்பழுப்பா இருந்தா அது ஸ்டீல் தண்டவாளம், பழைய செட்டுகள்ல வரும், அதைக் கடலோரத்துல வெச்சுக் காப்பாத்த முடியாது, காசைப் பாக்காம நிக்கல் சில்வர் தண்டவாளத்துக்கு மாறிருங்க. பித்தளை தண்டவாளம் துருப்பிடிக்காது, ஆனா சீக்கிரம் கறுத்துரும்.

தண்டவாளத்தோட நிறுத்தாம சக்கரத்தையும் துடைக்கணும். ஆல்கஹால்ல நனைச்ச துணியைத் தண்டவாளத்துக்குக் குறுக்க விரிச்சு, எஞ்சினோட ஒரு போகி துணி மேலயும் இன்னொண்ணு வெறும் தண்டவாளத்துலயும் இருக்கற மாதிரி பிடிச்சுக்கிட்டு ஓட விடுங்க, துணியில ரெண்டு கறுப்புக் கோடு விழும். துணியை நகத்தி நகத்தி, கோடு விழாத வரைக்கும். பெட்டிகளோட சக்கரத்தையும் விட்டுராதீங்க, முக்கியமா பிளாஸ்டிக் சக்கரம், நீங்க துடைச்ச தண்டவாளம் பூராம் ஒரே ரவுண்டுல திரும்ப அழுக்காக்கறது அதுகதான்.

எல்லாம் துடைச்ச பிறகு 4பி இல்ல 6பி பென்சிலால தண்டவாளத்தோட உள்ஓரத்துல லேசா ஒரு கோடு, அதுல இருக்கற கிராஃபைட் பொறியைக் குறைக்கும். மேடு ஏர்ற இடத்துல போடாதீங்க, வழுக்கும். ஓட்டாத நாள்ல மேல ஒரு பழைய வேட்டி போட்டு மூடிருங்க, உப்புக்கு மட்டுமில்ல, பல்லிக்கும் சேத்துத்தான். பல்லி எச்சம் காஞ்சு தண்டவாளத்துல ஒட்டிக்கிட்டா அதுக்கு மேல கரன்ட் போகாது, எஞ்சின் டக்குன்னு நிக்கற இடத்தைத் தேடித் தேடி கடைசில அதுவா இருக்கும்.

கன்ட்ரோலர் பக்கத்துல பறக்குது, எதிர்க்கோடியில தவழுது

தண்டவாளத்தைத் துடைச்சாச்சு, அப்பயும் இப்படின்னா கோளாறு மூட்டுல. தண்டவாளத் துண்டுகளை இணைக்கற ஃபிஷ்பிளேட்டு இருக்கே, அது உலகம் பூரா நாளாவட்டத்துல தளரும், நம்மகிட்ட அதோட இடுக்குல உப்பு ஈரம் போயி பச்சை பூத்துரும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது.

மல்டிமீட்டரை மட்டும் வெச்சுப் பாத்தா ஏமாந்துருவீங்க. சும்மா அளந்தா கோடியிலயும் 12 காட்டும், ஏன்னா மீட்டர் கரன்ட்டே இழுக்கறதில்ல. அங்கதான் அந்த பைக் பல்பு. கோடியில ரெண்டு தண்டவாளத்துலயும் பல்பு வயரை வெச்சா 0.4 ஆம்பியர் கிட்ட இழுக்கும், ஒரு எஞ்சின் இழுக்கறதுக்குப் பக்கத்துல வந்துரும். அந்த நேரத்துல அளங்க, 12 இருந்த இடத்துல 8 காட்டுனா மிச்ச 4 வோல்ட்டை வழியில இருக்கற மூட்டுகள் தின்னுருச்சு. எந்த மூட்டுன்னு கண்டுபிடிக்க, பல்பை எரிய விட்டுட்டே மீட்டரோட ஒரு முனையை மூட்டுக்கு இந்தப் பக்கத் தண்டவாளத்துலயும், அடுத்ததை அதே தண்டவாளத்துல மூட்டுக்கு அந்தப் பக்கமும் வைங்க. நல்ல மூட்டு பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும், 0.3, 0.5னு காட்டுனா குற்றவாளி அதுதான்.

கெட்ட மூட்டை இடுக்கியால அமுக்கி இறுக்கறது ஒரு மாசத்துக்குத் தாங்கும். நிரந்தரத் தீர்வு ஃபீடர் வயர்: லேஅவுட்டுக்கு அடியில 1.5 ஸ்கொயர் எம்எம் வீட்டு வயரிங் காப்பர் வயரை ரெண்டு கலர்ல ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு இழுத்து, ஒவ்வொரு 90 செ.மீ. தண்டவாளத் துண்டுக்கும் ஒரு ஜோடி சின்ன வயரை அதுல இருந்து மேல ஏத்திப் பத்தவெச்சுருங்க. அதுக்கப்புறம் ஃபிஷ்பிளேட்டு தண்டவாளத்தை நேராப் பிடிச்சா போதும், கரன்ட் கடத்துற வேலை அதுக்கு இல்ல. பத்தவைக்க ரோசின் ஃபிளக்ஸ் உள்ள ஈயக்கம்பிதான், தகர வேலைக்காரங்க வெச்சிருக்கற ஆசிட் ஃபிளக்ஸை எடுத்துட்டீங்கன்னா உப்புக்காத்து தேவையே இல்ல, அந்த ஆசிட்டே மூட்டைத் தின்னுரும். எல்லா மூட்டையும் பத்தவெச்சு ஒரே கம்பியா ஆக்கிராதீங்க, தண்டவாளம் நீள இடம் வேணும்.

டிசிசி வெச்சிருக்கறவங்க இன்னொண்ணு பாக்கணும்: லேஅவுட்டோட கடைக்கோடியில ஒரு ரூபா காசைத் தண்டவாளத்துக்குக் குறுக்க வைங்க, பூஸ்டர் (தண்டவாளத்துக்கு கரன்ட் குடுக்கற டப்பா) அந்த நொடியே டிரிப் ஆகணும். ஆகலைன்னா வயர் பத்தல, நெசமா ஷார்ட் ஆகும்போது டிரிப் ஆகாம அந்த இடமே உருகும்.

மோட்டார் சத்தம் கேக்குது, சக்கரம் சுத்தல; இல்ல டக் டக்னு நொண்டுது

இப்ப எஞ்சினைத் திறக்கலாம். சக்கரத்தைப் பிடிச்சு முன்ன பின்ன ஆட்டுனா ஒரு சுத்துக்கு ஒரு தடவை டக்குனு சத்தம் வந்தா, அச்சுல இருக்கற பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கு. பசை போட்டா நிக்காது, பல்சக்கரத்தை மாத்தணும். பல்சக்கரம் நல்லாருந்தா அச்சைச் சுத்தி தலைமுடி, மேசைத்துணி நூல் சுத்தியிருக்கான்னு பாருங்க. கிரீஸ் காஞ்சு மெழுகாயிருந்தா வழிச்சு எடுத்துட்டு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காதுன்னு எழுதியிருக்கற எண்ணெய் ஊசி முனையால ஒரு சொட்டு. தேங்கா எண்ணெய் போடலாமான்னு கேக்கறவங்க இருக்காங்க, வேண்டாம், கெட்டியாயி பிசினாயிரும்.

நம்ம பக்கத்துக்கே உரிய ஒண்ணு இருக்கு: மணல். தனுஷ்கோடி செய்யறவங்க தத்ரூபமா இருக்கட்டும்னு கடற்கரை மணலையே எடுத்துக் கொட்டிருவாங்க. அதுல ரெண்டு வில்லங்கம். ஒண்ணு உப்பு, எப்ப பாத்தாலும் ஈரம் இழுத்துக்கிட்டே இருக்கும். ரெண்டாவது அதுல கலந்திருக்கற கறுப்பு மணல், காந்தத்தை ஒரு பாலித்தீன் பையில போட்டு மணலுக்குள்ள விட்டு எடுத்துப் பாருங்க, மீசை முளைச்சுட்டு வரும். மோட்டாருக்குள்ள காந்தம் இருக்கு, தண்டவாளத்தோரம் கெடக்கற துகளை அது மேல இழுத்துக்கும், உள்ள போயி அரைக்கும். கடல்மணல்தான் வேணும்னு பிடிவாதமா இருந்தா காந்தத்தால திரும்பத் திரும்ப ஓட்டி கறுப்பை எடுத்துட்டு, நல்ல தண்ணியில அலசுங்க. நல்ல தண்ணின்னா போர் தண்ணி இல்ல, அதுவே உப்பு. காவிரித் தண்ணி இல்ல மழைத்தண்ணி. வீட்டுல தண்ணியோட உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டர் இருந்தா, அலசுன தண்ணியோட அளவும் ஊத்துன தண்ணியோட அளவும் ஒண்ணா வர்ற வரைக்கும் அலசணும். பவளப்பாறைத் துண்டை அலங்காரத்துக்கு எடுத்துட்டு வராதீங்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பவளம் இருக்கு, பொழுதுபோக்குக்காக கேசு வாங்க வேண்டாம்.

மரத்துக்கு சீமைக்கருவேலக் குச்சி அருமை, அதுல ஒரு வில்லங்கமும் இல்ல, முள்ளு குத்துறதைத் தவிர.

தடம் புரளுது

ஒரு கேள்விதான்: எல்லா வண்டியும் ஒரே இடத்துல விழுதா, இல்ல ஒரே வண்டி எல்லா இடத்துலயும் விழுதா? முதலாவதுன்னா தண்டவாளம், ரெண்டாவதுன்னா வண்டி.

தண்டவாளம்னா கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி, எதிர்ப்பக்கம் டார்ச் அடிச்சு, நீளவாக்குல பாருங்க, மூட்டு பள்ளமா, ஒரு பக்கம் ஒதுங்கி முறிஞ்சிருக்கான்னு தெரியும். நகத்தை வெச்சு இழுத்தா தடுக்கற இடத்துல ஒரு சின்ன அரம் போதும். வளைவுல விழுந்தா ஆரத்தைப் பாருங்க. செட்டோட வர்ற இரண்டாம் ஆர வளைவு 438 மி.மீ., குட்டி எஞ்சினுக்கு அது சரி, ஆனா நம்ம புதுவகை எல்ஹெச்பி ரயில் பெட்டி 1:87ல 27 செ.மீ. வரும், அத்தனை நீளப் பெட்டி எட்டு பத்தைக் கோத்து இழுத்தா நடுப்பெட்டி உள்பக்கம் சாஞ்சு விழத்தான் செய்யும். இடம் இருக்கற அளவுக்கு ஆரத்தைக் கூட்டுங்க. இடம் வளைஞ்ச உடனே வலம் வளையற எஸ் வளைவுல, நடுவுல குறைஞ்சது ஒரு பெட்டி நீளத்துக்கு நேர் தண்டவாளம் விடுங்க.

வண்டின்னா வெர்னியரை எடுத்து ஒரே அச்சுல இருக்கற ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, உள்முகத்துக்கு உள்முகம் அளங்க. 14.4 மி.மீ. கிட்ட இருக்கணும், ஓஓ வண்டியில 14.5. ஒடுங்கியிருந்தா பாயின்ட்ல ஏறி விழும், மெதுவாத் திருகிக்கிட்டே இழுத்தா நகரும். அளவு சரியா இருந்தும் விழுதுன்னா எடை பாருங்க. அமெரிக்க மாடல் ரயில்காரங்க சங்கமான என்எம்ஆர்ஏ சொல்ற கணக்கு, ஹெச்ஓ வண்டிக்கு முதல்ல 1 அவுன்ஸ், அப்புறம் நீளத்துல ஒவ்வொரு இஞ்சுக்கும் அரை அவுன்ஸ். பழைய வகை ஐசிஎஃப் ரயில் பெட்டி 1:87ல 24.5 செ.மீ., அப்ப 165 கிராம் கிட்ட வரணும். 3டி பிரின்ட் பண்ணுன பெட்டியைத் தராசுல வெச்சா பாதிகூடத் தேறாது. வலைக்குப் போடற ஈயக்குண்டு நம்ம ஊர்ல எந்த மீன்பிடி சாமான் கடையிலயும் கிடைக்கும், அதைப் பெட்டித் தரையில நடுவுல, முடிஞ்ச அளவு கீழ, ஒட்டுங்க. எதை வெச்சு ஒட்டணுங்கறது முக்கியம், அதைக் கடைசியில சொல்றேன். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிட்டு சாப்பிடுங்க, பிள்ளைகள் கையில குடுக்காதீங்க.

பாயின்ட் மேல வந்ததும் நிக்குது

குட்டி எஞ்சின் மட்டும் நின்னா, பாயின்ட்ல ரெண்டு தண்டவாளம் வெட்டிக்கற முக்கு பிளாஸ்டிக்கா இருக்கும், அதுல கரன்ட் இல்ல. வேகமா ஓட்டுனா தாண்டிரும். மெதுவா ஓட்ட ஆசைன்னா முக்கு உலோகமா இருக்கற பாயின்ட் வாங்கி, அதுக்கு ஒரு சுவிட்ச் வழியா கரன்ட் குடுக்கணும். பெரிய எஞ்சினும் நின்னா நகர்ற நாக்கு சரியா ஒட்டல, இல்ல ஒட்டுற இடத்துல அழுக்கு. ஜல்லி ஒட்டுன மறுநாள் பாயின்ட் நகரவே இல்லைன்னா நாக்குக்கு அடியில பசை போயிருக்கு, வெந்நீர் ஒரு சொட்டு விட்டு ஊற வெச்சு நகத்துங்க. சுருள் வகை பாயின்ட் மோட்டாருக்கு கரன்ட் ஒரு நொடிக்கு மேல போகக் கூடாது, பட்டனை அமுக்கிப் பிடிச்சா சுருள் கருகிரும்.

வட்டம் சுத்தி எதிர்த்திசையில அதே தண்டவாளத்துக்குத் திரும்புனா ஷார்ட்

கோளாறு இல்ல, வடிவமே அப்படி. வலது தண்டவாளம் சுத்தி வந்து இடது தண்டவாளத்தைத் தொடுது. வட்டத்தோட ரெண்டு முனையிலயும் ரெண்டு தண்டவாளத்தையும் வெட்டி பிளாஸ்டிக் இணைப்பு போட்டு, அந்தத் துண்டுக்குத் தனியா திசை மாத்தற சுவிட்ச் வைங்க. டிசிசின்னா அதுவாவே மாத்தற மாட்யூல் கிடைக்குது.

கோடையில நேரா இருந்தது, ஐப்பசியில வளைஞ்சுருச்சு

வெயில்ல தண்டவாளம் நீளுதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, கணக்குப் போட்டா ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் 15 டிகிரி சூட்டுக்கு கால் மி.மீ.தான் நீளும். அதை மூட்டு இடைவெளி தாங்கிரும். உண்மையான ஆளு மரம். வாடைக்காத்தும் மழையும் தொடங்குனதும் பிளைவுட் ஈரத்தைக் குடிச்சு உப்பும், பங்குனி சித்திரையில சுருங்கும், மேல ஒட்டியிருக்கற தண்டவாளம் அது இழுத்த இழுப்புக்குப் போகும். ஐஎஸ் 710னு முத்திரை இருக்கற மரைன் பிளைவுட் வாங்கி, மேல கீழ ரெண்டு பக்கமும், வெட்டுன ஓரத்தையும் விடாம வார்னிஷ் அடிக்கணும். மேல மட்டும் அடிச்சா ஒரு பக்கம் மட்டும் உப்பி பலகை வில்லா வளையும். கால் நாலையும் தண்ணி ஊத்துன கிண்ணத்துல வெச்சா கரையானும் ஏறாது.

பாலத்துல ஏறும்போது மட்டும் கோளாறு

நம்ம ஊர்ல லேஅவுட் போடறவன் பாம்பன் பாலம் இல்லாம போட மாட்டான், அதனால இது தனியா. ரெண்டு பாலமும் ரெண்டு விதம். 1914ல திறந்த பழைய பாலத்துல ஷெர்சர் தூக்கு, ரெண்டு இறக்கையும் பின்பக்கமா உருண்டு மேல போயிட்டிருந்துச்சு. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் கண் (ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கற பாலத்துண்டு) அப்படியே லிப்ட் மாதிரி செங்குத்தா ஏறும், 1:87ல 83 செ.மீ. முழுப் பாலத்தையும் ஸ்கேலுக்குச் செய்யணும்னா 24 மீட்டர் கிட்ட போகும், கல்யாண மண்டபம் பிடிக்கணும், அதனால தூக்குக் கண்ணும் ரெண்டு பக்கமும் சில 18.3 மீட்டர் கண்ணும், அதாவது 21 செ.மீ. துண்டுகள், போதும்.

பாலத்துல எஞ்சின் நின்னா: தூக்குக் கண்ணுக்கான கரன்ட்டைத் தண்டவாள முனை ஒண்ணை ஒண்ணு தொடறதை நம்பி விட்டிருப்பீங்க. தொடுற இடத்துல உப்பு படிஞ்சு நாலு நாள்ல போயிரும். தூக்குக் கண்ணுக்குத் தனி வயர் குடுங்க, அதுவும் சாதா வயர் இல்ல, இழை நிறைய உள்ள சிலிக்கான் வயர். சாதா வயர் ஏறி இறங்கி உள்ளயே அறுந்து, மேல தோல் மட்டும் முழுசா நின்னு ஏமாத்தும். பாலத்தை லேசா ஆட்டுனா கரன்ட் வந்து வந்து போச்சுன்னா அதுதான்.

பாலத்துல தடம் புரண்டா: கண் இறங்கி உக்கார்ற இடத்துல மேல கீழ சரி பண்ண நாலு மூலையிலயும் பித்தளை ஸ்க்ரூ, பக்கவாட்டுக்கு கூம்பு முனை வழிகாட்டி ஊசி ரெண்டு. மோட்டாரோ சர்வோவோ கண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, கண் தன் எடையில ஸ்க்ரூ மேல உக்காரணும், அதனால எதிர் எடையைக் கண்ணை விடக் கொஞ்சம் குறைச்சு வைங்க. சரி பண்றதை மழைக்காலத்துல ஒருக்கா, கோடையில ஒருக்கா செய்யணும், பலகை கதை மேல சொன்னதுதான்.

பாலம் திறந்திருக்கும்போது ரயில் கடல்ல குதிச்சா: இன்டர்லாக், அதான் பாலம் மூடாம ரயிலை விடாத தடுப்பு, இல்ல. நெசப் பழைய பாலத்துல வண்டி ஓடுன காலத்துல, காத்து மணிக்கு 58 கி.மீ.க்கு மேல போனா சிக்னலே சிவப்பாயி வண்டியை விடாம இருந்துச்சு, நாம ஒரு மைக்ரோ சுவிட்சாவது வெக்கலாம். கண் முழுசா உக்காந்தா மட்டும் அமுங்கற இடத்துல சுவிட்சை வெச்சு, பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு ரயில் நீளத்துக்குத் தண்டவாளத்தைத் தனியாப் பிரிச்சு, அந்தத் துண்டுகளோட கரன்ட்டை அந்த சுவிட்ச் வழியா விடுங்க. கால் ரயில் நீளத்துக்குப் பிரிச்சா பத்தாது, கரன்ட் போனாலும் ஃபிளைவீல் (மோட்டாரோட சேந்து சுத்தற கனமான சக்கரம்) உள்ள எஞ்சின் கொஞ்ச தூரம் உருண்டு போகும்.

பெட்டி ஓரம் உப்புது, எஞ்சின் சேஸ் வெடிக்குது

ரெண்டும் வேற வேற. பெட்டிக்குள்ள ஈயக்குண்டை வெள்ளைப் பசையால, அதான் தச்சு வேலைக்குப் போடறோமே அந்தப் பிவிஏ பசை, ஒட்டியிருந்தா ஈயம் ஈரத்தோடயும் பசையோடயும் சேந்து வெள்ளைப் பொடியாகும், அந்தப் பொடிக்கு ஈயத்தை விட இடம் அதிகம் வேணும், சில வருஷத்துல பெட்டியையே பிளந்துரும். ரெண்டு டியூப் எபாக்ஸியில ஒட்டுங்க. ஏற்கனவே வெள்ளைப் பசை போட்டிருந்தா பெட்டி உப்பறதுக்கு முன்னாடியே சுரண்டி எடுத்துருங்க.

எஞ்சினோட உலோக சேஸே, அதான் அடிச்சட்டம், விரிசல் விட்டு, கை பட்டா பொடிப்பொடியா உதிர்ந்தா அது துத்தநாகக் கலவையில ஈயம் மாதிரி அசுத்தம் கலந்து வார்த்ததோட விளைவு. உள்ளுக்குள்ளயே அரிச்சுட்டு வரும், சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும், நம்ம ஊர்ல ரெண்டுக்கும் பஞ்சமில்ல. வைத்தியம் கிடையாது. பழைய எஞ்சின் வாங்கும்போது பாடியைக் கழட்டி சேஸ் வளைஞ்சிருக்கா, மயிரிழை விரிசல் இருக்கான்னு பாத்துட்டு காசு குடுங்க. வீட்டுல இருக்கறதுல தொடங்கிட்டா, சேஸ் வளைஞ்சு பல்சக்கரத்தை உடைக்கறதுக்குள்ள மோட்டார், சக்கரம், லைட் போர்டு, மேல்பாடி எல்லாத்தையும் கழட்டி சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பாவுல போட்டு மூடி வைங்க. சேஸை மட்டும் அளவெடுத்து பித்தளையில வெட்டிக்கலாம், இல்ல 3டி பிரின்ட் போட்டு ஈயக்குண்டால எடை கூட்டிக்கலாம்.